ஞாயிற்றுக்கிழமை மாற்று ஆள்

குன்றத்தூரிலிருந்து ஒரகடம் போகும் பஸ்ஸில், நெற்றி நிறைய விபூதி பூசிய ஒருவர் பக்கத்திலிருந்த இளைஞனை அதட்டிக்கொண்டிருந்தார். இருவர் கழுத்திலும் ஒரே கம்பெனி அட்டை.

"வர்ற ஞாயித்துக்கெழம நீ சர்ச்சுக்குப் போவலன்னா இருக்குடா உனக்கு."

நான் காதிலிருந்த பாட்டை நிறுத்தினேன்.

"நேத்து டீக்கடையில உங்க பாஸ்டர் என்னைப் புடிச்சிக்கினாரு. தம்பிய ஒரு மாசமா காணோமேன்றாரு. சர்ச்சுக்குப் போவணும்னு நீ கேட்டதாலதானே ஞாயித்துக்கெழம ஷிப்டுல உனக்கு பதிலா நான் நிக்கிறேன்? நீ இன்னாடா பண்ணிக்கினு கீற?"

"அசதில தூங்கிருதேன்ணே." பேச்சு திருநெல்வேலிப் பக்கம்.

"எங்க வூட்ல அவளுக்கு ஒம்போது மாசம். அவ பேரைச் சொல்லி ஜெபம் பண்ணச் சொன்னேனே, அது?"

"தெனமும் ரூம்ல பண்ணுதேன்ணே. எங்கருந்து கேட்டாலும் ஆண்டவர் கேப்பாருல்லா."

"நீ போர்வைக்குள்ள கேக்கறதும், அத்தினி பேர் ஒண்ணா உக்காந்து கேக்கறதும் ஒண்ணாடா? அப்பறம் எதுக்கு சர்ச்சு கட்டி வச்சிகீறீங்க?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். படப்பை தாண்டியதும் அவர் பக்கம் திரும்பினான்.

"இந்த வாரம் போயிருதேன். மதினிக்காக எல்லாரையும் ஜெபம் பண்ணச் சொல்லுதேன். நீங்களும் கூட வாங்களேண்ணே."

ஒரகடம் வந்துவிட்டது. அவர் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"நானும் வந்துட்டா உன் மிஷின்ல எவன்டா நிப்பான்?"