நேரே பார்க்காத சிறுமிக்காகத் தரையில் அமர்ந்த மருத்துவருக்கு

சின்னஞ்சிறு குழந்தைகளின் தோழரே, சந்தேகத்தைச் சும்மா விடாத சிந்தையாளரே, குழந்தைகள் சூட்டிய பெயரால் எங்கள் எல்லோருக்கும் ‘தரை டாக்டர்’ ஆனவரே!

நம் கண் சோதனை அறையில் எல்லா எழுத்தையும் கடகடவென்று படித்த ஏழு வயதுச் சிறுமி, வகுப்பறைக் கரும்பலகையில் ஒரு சொல்லையும் படிக்கவில்லை. அதே கண், அதே எழுத்து! அடம் என்றது பள்ளி. கவனக்குறைவு என்றோம் நாங்கள். “எனக்குப் புரியல” என்று சொன்ன ஒரே ஆள் நீங்கள்தான்.

தாய் உட்கொண்ட ஓபியாய்டு எனும் அபின் வகை வலிமருந்தின் தாக்கத்துக்குக் கருவிலேயே உள்ளான குழந்தைகளை நம் பிரிவு கவனிக்கிறது. பிறந்ததும் வரும் நடுக்கமும் ஓயாத அழுகையும் அடங்கியதும் வேலை முடிந்தது என்று நாங்கள் எண்ணியிருந்த காலத்தில், “பள்ளிக்கூடம் போகட்டும், அப்பதான் தெரியும்” என்று ஒவ்வொரு குழந்தையையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தவர் நீங்கள்! பலர் நன்றாகவே வளர்வதையும், சிலருக்குப் பேச்சிலோ கவனத்திலோ பார்வையிலோ சிக்கல் தாமதமாகத் தலைகாட்டுவதையும் பொறுமையாகக் காட்டினீர்கள். வீட்டுச் சூழலைப் பார்க்காமல் எல்லாவற்றையும் மருந்தின் தலையில் கட்டக் கூடாது என்றும் கற்பித்தீர்கள்.

அந்த ஆண்டு தேறாவிட்டால் சிறுமியை வேறு பள்ளிக்கு அனுப்புவதாகப் பள்ளி முடிவு செய்திருந்தது. அவளைச் சுமந்திருந்த காலத்தில், ஒரு விபத்துக்குப் பின் வலி மாத்திரையில் சிக்கி, சிகிச்சையால் மீண்ட அவள் தாய், “எல்லாம் நான் முழுங்குன மாத்திரை, டாக்டர். இனிமே இவள இங்க இழுத்துட்டு வந்து என்ன ஆகப்போகுது?” என்று அழுதபடி எழுந்துவிட்டார்.

“உக்காரும்மா. குத்தம் கண்டுபிடிக்க எங்கிட்ட மெஷின் இல்ல. கண்ணப் பாக்க டார்ச் இருக்கு, அதுலயும் பேட்டரி வீக்” என்றீர்கள். அழுதவர் சிரித்துவிட்டார்.

வழக்கம்போல் தரையில் அமர்ந்து சிறுமியோடு மணி கோத்தீர்கள். முகத்தை வலப்பக்கம் திருப்பி, விழிகளை இடப்பக்கம் ஒதுக்கியே அவள் ஒவ்வொரு மணியையும் பார்த்தாள்.

“ஸ்கூல்லயும் இப்படித்தான் பாப்பியா, பாப்பா?”

“டீச்சர் தலைய நேரா வெச்சுடுவாங்க. பக்கத்துப் பொண்ணப் பாத்து எழுதுறேனாம்!”

“எழுதினியா?”

“அவளுக்கே ஒண்ணும் தெரியாது!”

முடிச்சு அவிழ்ந்தது. அவள் தலையை மெல்ல நேராக்கினீர்கள், கருவிழிகள் நடுங்கின. மறுபடி வலப்பக்கம் திருப்ப விட்டீர்கள், நடுக்கம் ஓய்ந்தது. ஓய்ந்தால்தான் எழுத்து தெளியும். நம் சோதனை அறையில் யாரும் அவள் தலையைத் தொடவில்லை, அதனால் படித்தாள். இக்குழந்தைகளிடம் சற்று அதிகமாகக் காணப்படும் விழிநடுக்கத்தை, தானே கண்டுபிடித்த வித்தையால் எங்கள் எல்லோர் கண்ணுக்கும் தெரியாமல் அடக்கி வைத்திருந்தாள் அந்தக் கெட்டிக்காரி! கண் மருத்துவரும் பிறகு அதை உறுதி செய்தார்.

எங்கள் பெருமைக்குரியவரே! உங்கள் முழங்கால்கள் இனி நாற்காலி கேட்கட்டும், நீங்கள் கேள்வி கேட்பதை மட்டும் நிறுத்த வேண்டாம். நோயின்றி, குறையின்றி, மதியத் தூக்கத்துக்கு இடையூறின்றி நெடுங்காலம் வாழ்க!

அந்தச் சிறுமி அதே பள்ளியில் அடுத்த வகுப்புக்குப் போய்விட்டாள். நீங்கள் சொன்னபடி, வகுப்பின் வலது ஓரத்தில் முன்வரிசையில் அவளுக்கு இடம் கொடுத்தார்கள். கரும்பலகை தானாகவே அவளுக்கு இடப்பக்கம் அமைகிறது. தலை நேராக இருக்கிறது, எழுத்தும் தெரிகிறது.

அன்புடன்,
குழந்தை வளர்ச்சிப் பிரிவுப் பணியாளர்கள்