குணவதி டீச்சரின் வலது கை

தாய்மாரே, ஹெல்மெட்ட வாங்கிட்டுக் கிளம்புறதுக்குள்ள ஒரு குட்டிக் கதை... சொல்லட்டுமா? ரெண்டே நிமிஷம்.

தொட்டியம் பக்கத்துல குணவதின்னு ஒரு அங்கன்வாடி டீச்சர். வயசு நாப்பத்தெட்டு. எட்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு ஊருக்கு மாத்திட்டாங்க. பஸ்ஸு பத்தரைக்குத்தான். பிள்ளைங்க ஒம்போதுக்கே வந்து வாசல்ல நிக்கும். என்ன பண்ணுவாங்க? ஒரு ஸ்கூட்டர் வாங்கிட்டாங்க. கத்துக்கொடுக்க வந்தது யாரு? வீட்டுக்காரர் பெரியண்ணன். முப்பது வருஷம் லாரி ஓட்டினவரு. "நான் பாக்காத வண்டியா? நீ ஓட்டு, நான் பின்னாடி இருக்கேன்!"

ஸ்கூல் மைதானம். ஒரு பக்கம் பசங்க கபடி ஆடுறாங்க. வண்டி கிளம்புச்சு... கொஞ்சம் வேகம் கூடுச்சு... பின்னாடியிருந்து, "ஏ புள்ள, புடி! புடி!" அந்தம்மா புடிச்சாங்க. எதை? பிரேக்கையா? இல்லம்மா... கைப்பிடியை! பயத்துல இறுக்கினாங்க, மணிக்கட்டு கீழ இறங்குச்சு, ஆக்ஸிலேட்டர் முறுக்கிக்கிச்சு. அவரு கத்தக் கத்த இவங்க இறுக்குறாங்க... இவங்க இறுக்க இறுக்க வண்டி பறக்குது! அவரு லாரி ஞாபகத்துல கால்வைக்கிற கம்பியைப் போட்டு மிதிக்கிறாரு... நிக்குமா?

நேரா கபடிக் கோட்டுக்குள்ள! பாடி வந்த பையன் பாட்டை விட்டுட்டு ஓடுறான். நடுக்கோட்டுல பெரியண்ணன் உதிர்ந்துட்டாரு. அந்தம்மா மணல் குவியல்ல போய்ச் செருகி நின்னாங்க. நடுவர் விசிலடிச்சு, "ரெண்டு பேரும் அவுட்டு!"

முழங்கையில சிராய்ப்பு, அவ்வளவுதான். பெரியண்ணன் மண்ணைத் தட்டிக்கிட்டே எந்திரிச்சு, "வித்துடலாம்டி"ங்கிறாரு. "வாசல்ல நிக்கிற பிள்ளைங்களுக்கு நீங்க போய் பதில் சொல்றீங்களா?"ன்னாங்க. ஸ்டாண்டு போட்டு, இன்ஜினை அணைச்சு, ஏறி உக்காந்தாங்க. முறுக்கினதை விடு... மணிக்கட்டை நிமித்து... இடது பிரேக்... கூடவே வலது, ரெண்டு விரலால, மெதுவா. பொழுது சாயற வரைக்கும் அதேதான்.

ஒரு வாரம் போச்சு. ரோட்டுல போறாங்க. கோழியைத் துரத்திக்கிட்டு ஒரு குழந்தை குறுக்கே வந்துருச்சு! பின்னாடி உக்காந்திருந்த பெரியண்ணன், "புடி!"ன்னு அலறிட்டுக் கண்ணை மூடிட்டாரு. இவங்க விட்டாங்க... இடது... வலது... வண்டி அலுங்காம நின்னுச்சு. குழந்தைக்கும் சக்கரத்துக்கும் ஒரு முழம். தாய்க்காரி ஓடி வந்து அள்ளிக்கிட்டுப் போனா. அதுக்கப்புறந்தான் பின்னாடி மெல்ல ஒரு குரல்...

"நின்னுருச்சா?"

"நின்னு, குழந்தையும் வீட்டுக்குப் போயிருச்சு. கண்ணைத் தொறங்க. என் தோளையும் விடுங்க, வலிக்குது."

சிரிக்கிறீங்க... சிரிங்க. ஆனா கையை நீட்டிப் பாருங்கம்மா. பயம் வந்தா இந்தக் கை தானா இறுக்கும். இறுக்குற கைதான் வேகத்தைக் கூட்டும். அதனால முதல்ல விடுங்க, அப்புறம் புடிங்க. நாளைக்கே இன்ஜினை அணைச்சு வெச்சு நூறு தடவை பழகுங்க. கையே பழகிரணும், யோசிக்க நேரம் இருக்காது.

அப்புறம்... கடைசி வரிசையில நிக்கிற ஐயாமாரே! உங்களுக்கும் ஒரு பிரேக் இருக்கு. மேல் உதடு, கீழ் உதடு... ரெண்டையும் சேத்துப் புடிங்க.