பழுப்புக் கோட்டுக்காரன்

எனக்குக் காபியில் சர்க்கரை வேண்டாம், இன்ஸ்பெக்டர் ஐயா. நேற்று இரண்டு கரண்டி போட்டிருந்தார்கள், இன்று ஒன்று. இப்படி வித்தியாசம் பார்ப்பதுதான் என் பிழைப்பு.

என் பெயர் இல்தே. இருபத்திரண்டு வருஷமாக ரோம் நகர சினிமா ஸ்டுடியோக்களில் கன்டினியூட்டி பார்க்கிறேன். முந்தின ஷாட்டில் கதாநாயகனின் சிகரெட் எவ்வளவு எரிந்திருந்தது, டை எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, எல்லாம் என் நோட்டில் இருக்கும். டைரக்டர் ஃபாஸ்தோவுக்கு நான்தான் கண். அவர் இப்போது எடுக்கும் படத்தில் ஒரு நீதிபதியை அரசாங்கத்து ஆட்களே பின்தொடர்ந்து போய்க் கொல்கிறார்கள். இந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தில் இந்த ஊரில் அப்படிப் படம் எடுத்தால் சும்மா விடுவார்களா? ஃபாஸ்தோ பின்னால் ஆள் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவருக்குத்தான் தெரியவில்லை, பாவம், பச்சைக் குழந்தை.

மூன்றாம் நாள், ரயில் நிலையக் காட்சியில் தூணோரம் ஒரு பழுப்புக் கோட்டு. ஆறாம் நாள் நீதிமன்றப் படியில் அதே கோட்டு, அதே ஆள். பதினோராம் நாள் மீன் சந்தையில். துணை நடிகர் பட்டியலில் அவன் இல்லை. நோட்டில் அவனுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கினேன். பிறகு ஒரு காலை நான் வரும் டிராமிலேயே உட்கார்ந்திருந்தான்.

பதினாறாம் நாள் ஐந்து மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் படப்பிடிப்பு. சாப்பாட்டு வேளையில் எல்லாரும் இறங்கிப் போனார்கள். அவன் மட்டும் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, பொரித்த சோற்று உருண்டை தின்றுகொண்டிருந்தான். யார் நீ என்று நேராகவே கேட்டேன்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா மேடம்," என்று சிரித்தான். "ரெமோங்க. டைரக்டர்தான் ஒவ்வொரு சீன்லயும் ஓரமா நிக்கச் சொன்னாரு. பாக்குறவங்களுக்கு வயித்தக் கலக்கணுமாம். உங்ககிட்ட மட்டும் மூச்சு விடாதேன்னாரு. நீங்க கண்டுபிடிக்கிறீங்களான்னு ஒரு விளையாட்டு. இந்தாங்க, ஒண்ணு சாப்பிடுங்க, வீட்டுக்காரி செஞ்சது."

ஒரு திணறல் இல்லை. நன்றாகப் பழக்கியிருந்தார்கள். ஃபாஸ்தோ என்னிடம் மறைப்பாரா? உருண்டையை வாங்கித் தின்றேன், ருசியாகவே இருந்தது. பிறகு அவன் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினேன். பெரிய பலம் தேவைப்படவில்லை. மணி ஒன்று நாற்பது, நோட்டில் இருக்கிறது.

கீழே ஃபாஸ்தோ அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். "நான்தான் நிக்க வச்சேன், இல்தே. வெறும் விளையாட்டும்மா," என்றார். அவன் சொன்ன அதே கதை, அதே 'விளையாட்டு'.

இரண்டு பேர் பேச்சு அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தினால், யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆக, ஃபாஸ்தோவும் அரசாங்கத்து ஆள்தான். இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தும் அதைக் கவனிக்காமல் விட்டேன். என் வேலையில் நான் செய்த ஒரே தவறு அதுதான், ஐயா.