ஐஸ் பெட்டி காத்த இடம்

என் பேச்சைக் கேட்பதற்கென்றே காதில் பஞ்சோடு வந்திருக்கும் பூங்காக் குழுத் தலைவர் அவர்களே! அலைகளுக்கு முன் எழுந்து அலைகளையே எழுப்பிவிடும் ஆன்றோர்களே! பிள்ளைகளுக்கு வெயில் கிரீம் பூசிப் பூசிக் கை வெளுத்த தாய்மார்களே! ஜெல்லிமீன் கொட்டாமலிருக்கக் கடலில் கட்டிய வலைக்குள் நீந்திவிட்டு ஈரம் சொட்டச் சொட்ட வந்திருக்கும் இளைஞர்களே! முன்வரிசையில் அமர்ந்து இன்னும் என்னை முறைத்துக்கொண்டிருக்கும் என் மாமியார் கிளெனிஸ் அம்மையார் அவர்களே! அனைவருக்கும் இந்த நெவிலின் உப்புக்காற்று கலந்த வணக்கம்!

பூங்காவின் நிழல் மேசைகளில் சாமானை வைத்து இடம் பிடித்துவிட்டு வீட்டுக்குப் போகும் வழக்கத்தைத் தடை செய்யலாமா? அதற்குத்தான் கூடியிருக்கிறோம். தடை வேண்டும் என்று பேச என்னை அழைத்திருக்கிறார்கள். ஏன் என்னை? இந்தக் குற்றத்தில் என்னைவிடப் பழுத்த பாவி இந்தக் கடற்கரையில் உண்டா? யாரது, "இல்லவே இல்லை" என்பது? என் மனைவி ரோண்டாவா? நன்றி, கண்ணே!

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே பூங்காவில் எங்கள் திருமணம். முன்வரிசையில் மாமியாருக்கு ஒரு நாற்காலி பிடித்து வைத்தேன். எதை வைத்துப் பிடித்தேன்? பீர் நிறைந்த ஐஸ் பெட்டியை வைத்து! அது அவருக்கென்று அவரிடம் சொன்னேனா? சொல்லவில்லை. தன் நாற்காலியை மாப்பிள்ளை பீருக்குக் கொடுத்துவிட்டான் என்று நினைத்து, மகள் கல்யாணம் முழுக்க நின்றே பார்த்தார். அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்தினார்.

சென்ற செப்டம்பரில் அவருக்கு எழுபதாவது பிறந்தநாள். "உன் கையால கேக் செய். நிழல்ல எடம் பிடிச்சு உக்கார வை. அம்மா பேசினாலும் பேசும்," என்றாள் ரோண்டா. செய்தேன் மாம்பழ கேக்! விடிந்தும் விடியாத ஐந்து மணிக்கு மூன்றாம் மேசையில் இடம் பிடித்தேன். கேக்கை எதில் வைத்தேன்? அதே ஐஸ் பெட்டியில்! பெட்டியை மேசையோரப் பெஞ்சில் வைத்துவிட்டு என்ன செய்தேன்? வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

பத்து மணிக்குத் திரும்பினால் பெட்டி எங்கே? பெஞ்சு எங்கே? இடுப்புயரத்துக்கு இலைக்குவியல்! உச்சியில், சிவந்த தலையும் மஞ்சள் தாடியுமாக ஒரு காட்டு வான்கோழி! முட்டையிட வரப்போகும் பெட்டைக்கு மேடு கட்டிக்கொண்டிருந்தது.

தோண்டக் குனிந்தேன். பூங்காக் காவலர் ஷேன் ஓடி வந்தார்.

"நெவிலு, கை வைக்காதப்பா! சட்டம் பாதுகாக்கிற பறவை, அதோட மேட்டைத் தொட்டா அபராதம்."

"உள்ள என் கேக் இருக்குய்யா!"

"இப்ப அது அவனோட கேக்."

"நான் அஞ்சு மணிக்கே எடம் பிடிச்சேன்!"

"நீ பிடிச்சுட்டுப் போயிட்டே. அவன் பிடிச்சுட்டு நிக்கிறான் பாரு."

அந்த நேரம் பார்த்து மாமியார் வந்தார். என்னைப் பார்த்தார். மேட்டைப் பார்த்தார். வாய் திறந்தார். யாரிடம்? வான்கோழியிடம்!

"அடேயப்பா ராசா! ஒத்தையா நின்னு இம்புட்டும் கட்டினியா? எம் பொண்ணுக்கும் வாய்ச்சானே ஒருத்தன்!"

நான் அவர் முன்னால் போய் நின்றேன். "அத்தை, அன்னிக்கும் அந்த நாற்காலி உங்களுக்குத்தான். பெட்டிய வச்சிட்டு, பக்கத்துல நிக்காமப் போனேன் பாருங்க, அதான் தப்பு."

மேட்டைச் சுற்றி ஒரு முறை நடந்தார். பிறகு, பன்னிரண்டாவது ஆண்டில், அந்தத் திருவாய் என்னை நோக்கி மலர்ந்தது:

"சரி, வெட்டியா நிக்காதே. அவனுக்கு இலை கொண்டா!"

கொண்டு வந்தேன், பெருமக்களே! வாரி வந்தேன், வளைந்து வந்தேன், வியர்த்து வழிந்து வந்தேன்! விருந்தினர் எல்லாம் சாஸேஜ் சுட்டுத் தின்ன, நான் பொழுது சாயும்வரை ஒரு கோழிக்குக் கூலியாள்! அதுவும் சும்மா இருந்ததா? நான் கொண்டுபோன இலையை இரண்டு முறை என் முகத்திலேயே உதைத்தது. தரம் போதாதாம்!

ஆகவே கேட்கிறேன், இடம் பிடிப்பது பெட்டியா? பலூனா? ஈரத் துண்டா? இல்லை, இல்லை, இல்லவே இல்லை! காலூன்றி நிற்பவனுக்கே நிழல்! கூடவே இருப்பவனுக்கே மேசை! வான்கோழிக்குத் தெரிந்தது நமக்குத் தெரிய வேண்டாமா? தூக்குங்கள் கையை, தடைக்கு ஆதரவாக!

என்ன, எல்லோரும் சிரிக்கிறீர்கள்? திரும்பிப் பார்க்கவா?

பேச எழுந்தபோது மேடையில் என் நாற்காலிக்குத் தொப்பியைக் காவல் வைத்து வந்தேன். மாமியார் மேடையேறி உட்கார்ந்துவிட்டார். தொப்பியின் மேலேயே.

"என்ன பாக்கிறே நெவிலு? இப்ப உன் முறை. நில்லு."

நிற்கிறேன், அத்தை.

நின்றபடியே அனைவருக்கும் என் நன்றி, நின்றபடியே வணக்கம்!