பதில் சொல்லாத கதவு

எல்லா அறைகளின் அழைப்பு மணிகளும் ஒரே நேரத்தில் அலறின. பிறகு ஒன்றுகூட அடிக்கவில்லை. நான் காபியில் சர்க்கரை கலக்கிக்கொண்டிருந்தேன்.

வடக்கு மினசோட்டாவில் எங்கள் முதியோர் இல்லம். அதன் கம்ப்யூட்டர்களுக்கு நான் பொறுப்பு. பெயர் வெர்ன் டால்பெர்க். மார்சி ஹேக்லண்ட் அங்கே சமையலறையில் வேலை பார்த்தவள். மாலை வகுப்பில் நெட்வொர்க் படித்துவிட்டு எனக்கு உதவியாக வந்தாள்.

வெளியாட்கள் நுழையாமல் தடுக்கும் எங்கள் ஃபயர்வாலைத் தன் வீட்டிலிருந்து ஸ்கேன் செய்ய வேண்டும் என்றாள். வெளியே நின்று ஒவ்வொரு போர்ட்டையும் கதவைப் போலத் தட்டுவதுதான் அது. வா என்றால் திறந்திருக்கிறது. முடியாது என்றால் மூடியிருக்கிறது. பதிலே வராவிட்டால், தட்டியதை ஃபயர்வால் விழுங்கிவிட்டது என்று அர்த்தம்.

"பேச்சு மூச்சே இருக்காதா? அப்ப என் மாஜி புருஷனைத்தான் அங்க உக்கார வெச்சிருக்கீங்க," என்றாள்.

ஒரு கதவு திறந்திருந்தது. யாருக்கும் தெரியாமல் நான் திறந்தது. பனிக்காலத்தில் வண்டி ஓட்டி வராமல், வீட்டிலிருந்தே வேலை பார்க்க. அவள் எப்போது தட்டுவாள் என்று தெரியாததால், அவள் வீட்டு இணைப்புக்கு மட்டும் எந்தக் கதவும் பதில் சொல்லாதபடி ஃபயர்வாலில் ஒரு விதி போட்டேன். சின்ன வேலைதான்.

மறுநாள் எலுமிச்சை கேக்கோடு வந்தாள். "ஒரு கதவுகூட வாயைத் திறக்கல, வெர்ன். எதுக்கும் லைப்ரரியில இருந்தும் ஒரு தடவை தட்டிப் பார்க்கட்டுமா?"

"வேலையத்த வேலை. கேக்கைக் குடு," என்றேன்.

ஸ்கேன் முடிவை அவள் சேமித்து வைக்கவில்லை. வைக்கும்படி நானும் சொல்லவில்லை.

பனி உருகுவதற்குள் யாரோ அந்தக் கதவு வழியாக நுழைந்து கம்ப்யூட்டர்களை முடக்கினார்கள். அழைப்பு மணிகளும் அவற்றை நம்பித்தான் இருந்தன. இல்லத்தில் தங்கியிருந்த ஆர்லீன் ஆஸ்ட்பி தன் குளியலறையில் வழுக்கி விழுந்திருந்தார். சாப்பாட்டுத் தட்டு கொண்டுபோனவள்தான் பார்த்தாள். உயிர் இல்லை. அழைப்பு மணியின் கயிறு கைக்குள் இருந்தது.

அன்று மதியம் மார்சிக்காகப் போட்ட விதியை அழித்தேன். கதவை அப்படியே விட்டேன். எதையும் தொடக்கூடாது என்று மேலாளர் சொல்லியிருந்தார். அது எனக்கு வசதியாக இருந்தது.

மேலாளர் மார்சியை வீட்டிலிருந்து மறுபடி ஸ்கேன் செய்யச் சொன்னார். கதவு வா என்றது. மார்சி வேலையை விட்டுவிட்டாள். மேசையைக் காலி செய்யும்போது என்னைப் பார்த்து, "அன்னைக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். நான்தான் தப்பாப் படிச்சிட்டேன். ஆர்லீனைக் கொன்னது நான்தானே, வெர்ன்?" என்றாள்.

ஆர்லீனைக் கொன்றது நான், ஐயா. அதைச் சொல்லத்தான் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். ஆனால் கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்க முடியாமல் போனது அதனால் அல்ல. அவளுக்கு நான் சொன்ன பதிலால். அவள் தோளில் கை வைத்து, அன்பாகத்தான் சொன்னேன்:

"புதுசுல எல்லாருக்கும் வர்ற தப்புதான், மார்சி."