வலது கொம்பு

மார்ச் மாதக் கடைசி. வெளிச்சம் போய்க்கொண்டிருந்த நேரம். கீழே ஆறு, மேலே மலை, நடுவில் ஒரு வண்டி மட்டும் போகிற அளவுக்குச் சாலை. அந்தப் பள்ளத்தாக்கில் அந்த நேரத்துக்கு வேறு வண்டியே வராது...

கதவைச் சாத்திவிட்டு இப்படித் தள்ளி உட்காருங்கள். அடுப்பு வெளிச்சம் போதும்.

என்னோடு படகில் வேலை செய்கிறானே ஃபர்கர், அவன் அக்கா புருஷன் லாக்லனுக்கு நடந்தது இது. லாக்லன் குழாய் வேலை பார்ப்பவன். பேய் பிசாசு என்றால் சிரிக்கிற ஆள். வேலை முடித்து வேனில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். பாலத்தைத் தாண்டியதும் சாலை நடுவில் ஏதோ கிடந்தது. பிரேக் போட்டான்.

மான் கொம்பு. ஒற்றைக் கொம்பு.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அந்த மாதத்தில்தான் ஆண் மான்கள் கொம்பை உதிர்க்கும். ஆனால் மேலே புதரில் கிடக்கும், தார் ரோட்டில் கிடக்காது. இறங்கி எடுத்தான். நல்ல கனம். ஈரம். சேற்று வாடை. தலையிலிருந்து கழன்ற இடத்தில் இரத்தம் இன்னும் காயவில்லை...

திருப்பிப் பார்த்தான். கீழ்க் கிளை, மடக்கிய விரல் மாதிரி வளைந்திருந்தது.

அந்த வளைவு அவனுக்குத் தெரியும். தினமும் காலையில் அதைப் பார்த்துக்கொண்டுதான் கஞ்சி குடிக்கிறான்.

அவன் மனைவி ஊனாவுக்கு இது இரண்டாவது கல்யாணம். முதல் புருஷன் ஹெக்டர், மலையில் மான்களைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருந்தவர். ஒரு மார்ச் மாதம், அதே மாதிரி கீழ்க் கிளை வளைந்த பெரிய இடது கொம்பு ஒன்றைக் கொண்டுவந்து அடுப்புக்கு மேலே மாட்டினார். பக்கத்திலேயே இன்னொரு ஆணியும் அடித்தார். "இதோட ஜோடி அங்கதான் கிடக்கும். எடுத்துட்டு வந்துடறேன். டீயைப் போட்டு வை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் பனி கொட்டியது. ஹெலிகாப்டர் தேடியது, நாய்கள் தேடின. ஒரு பூட்ஸ்கூடக் கிடைக்கவில்லை. அவர் இறந்துவிட்டதாகக் கோர்ட் சொல்வதற்கே பல வருஷம் ஆனது. அதற்குப் பிறகுதான் லாக்லன் வந்தான். அந்த வீட்டுக்கே வந்தான். இடது கொம்பும் அதன் பக்கத்தில் வெறும் ஆணியும் அப்படியே இருந்தன. அவன் ஒன்றும் சொன்னதில்லை.

இத்தனை வருஷம் மலையில் கிடந்த கொம்பு பாசி பிடித்திருக்கும். மான்களே கடித்துத் தின்று பாதியாக்கியிருக்கும். அவன் கையில் இருந்தது நேற்று உதிர்ந்த மாதிரி இருந்தது...

அதை ஆற்றில் வீசியிருக்கலாம். ஃபர்கரே பின்னால் அவனைக் கேட்டிருக்கிறான். "அவ சந்தோஷப்படுவான்னு நினைச்சேன்டா" என்றானாம்.

ஊனா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கொம்பைப் பார்த்ததும் கத்தி நின்றது.

"எங்க கிடைச்சுது?"

"பாலத்துக்கு இந்தப் பக்கம். ரோட்டுல."

"ரோட்டுலயா... அவ்வளவு தூரம் வந்துட்டாரா."

லாக்லனுக்கு அது சரியாகக் காதில் விழவில்லை. இல்லை, விழாத மாதிரி இருந்துவிட்டான். அவள் கையைக் கழுவினாள். துடைத்தாள். கொம்பை வாங்கி வெறும் ஆணியில் மாட்டினாள். பிறகு கெட்டிலை அடுப்பில் வைத்தாள்.

மறுநாள் காலை அவன் எழுந்து வந்தபோது வீடெங்கும் நனைந்த கம்பளி வாடை. வலது கொம்பில் ஒரு கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. பழைய முரட்டுக் கம்பளிக் கோட்டு. சொட்... சொட்... பழுப்புத் தண்ணீர். கீழே ஊனா ஒரு பாத்திரம் வைத்திருந்தாள்.

"யார் கோட்டு இது?"

"நனைஞ்சிருக்கு. காயட்டும்."

அவ்வளவுதான் சொன்னாள். சாயங்காலம் வந்து பார்த்தபோது கோட்டு இல்லை. மறுநாள் காலை மறுபடியும் இருந்தது, மறுபடியும் நனைந்து. வெளியே மழையே இல்லை. ஊனா பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்தாள். அவள் பாடி அவன் கேட்டதே இல்லை...

அவனுக்குப் பயத்தைவிட வேறொன்று பெரிதாக இருந்தது. உங்களுக்குப் புரியும். இந்த வீட்டுக் கூரையைச் சரிசெய்தது அவன். அவள் அழுத ராத்திரிகளில் பக்கத்தில் இருந்தது அவன்.

சனிக்கிழமை அவள் கடைக்குப் போன நேரத்தில் இரண்டு கொம்புகளையும் கழற்றினான். மலைமேல் ஒரு சின்ன ஏரி உண்டு, கறுப்புத் தண்ணீர். அதுவரை நடந்துபோய் ஒவ்வொன்றாக வீசினான். முதல் கொம்பு விழுந்த சத்தம் கேட்டது. இரண்டாவது விழுந்த சத்தம் கேட்கவே இல்லை... நின்று பார்த்தான். தண்ணீரில் ஒரு வட்டம்கூட விரியவில்லை. திரும்பி ஓட்டமும் நடையுமாக இறங்கினான்.

வீட்டு முற்றத்துக்கு வரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. சமையலறையில் விளக்கு எரிந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தான். ஊனா மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். சிரித்தாள். எதிரே லாக்லனின் நாற்காலியில் யாரோ... முதுகு மட்டும் தெரிந்தது. வீட்டுக் கிழட்டு நாய் அந்த ஆளின் மடியில் தலையை வைத்திருந்தது.

கதவைத் தள்ளித் திறந்தான்.

நாற்காலி காலி. மேஜையில் இரண்டு கோப்பை, இரண்டிலும் ஆவி. சுவரில் இரண்டு கொம்பும் இருந்தன. ஏரிப் பாசி தொங்கிக்கொண்டிருந்தது. நாய் தலையை அப்படியே அந்தரத்தில் வைத்துக்கொண்டு வாலை ஆட்டியது.

ஊனா அவனைக் கோபமாகப் பார்க்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை என்றான். வழி கேட்டு வந்த ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"கதவைச் சாத்து, லாக்லன்" என்றாள். "அவருக்குக் குளிருது."

அவன் சாத்தினான். வெளியே இருந்து.

அன்று முதல் ஃபர்கர் வீட்டுப் பின்னறையில்தான் இருக்கிறான். தொடக்கத்தில் ஃபர்கர் அவனைச் சும்மா விடவில்லை. "செத்தவன்கிட்ட பொண்டாட்டியத் தோத்துட்டு வந்த ஒரே ஆள் நீதான்டா" என்று மதுக்கடையில் எல்லோர் எதிரிலும் சிரித்தான். லாக்லனும் சிரித்தான். "நீ போய் ஒரு ராத்திரி இருந்து பாரு, மச்சான். டீ நல்லா இருக்கும்."

ஃபர்கர் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பகலில் போய் வாசலிலேயே நின்று பேசிவிட்டு வருவான். அக்கா நன்றாகத்தான் இருந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். அதனால் அவனும் அதிகம் யோசிக்கவில்லை.

போன இலையுதிர் காலத்தில் மலையேற வந்தவர்கள் ஒரு பாறை இடுக்கில் எலும்புகளைப் பார்த்தார்கள். போலீஸ் போனது. பல்லை வைத்துச் சொல்லிவிட்டார்கள், ஹெக்டர்தான். விழுந்த அன்றே போயிருக்கிறார். சொல்ல வேண்டியவன் ஃபர்கர்.

மதியம் போனான். ஊனா வாசல் கதவைத் திறந்தாள். கையெல்லாம் மாவு. எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வந்தவன், நின்ற இடத்திலேயே கொட்டிவிட்டான்.

"அக்கா... ஹெக்டர் கிடைச்சுட்டாரு. அவரு செத்துதான் போயிருக்காரு. அன்னிக்கே."

அழுவாள் என்று நினைத்தான். அவள் சட்டென்று திரும்பி உள்ளே பார்த்தாள். பிறகு வெளியே வந்து, கதவைப் பாதி சாத்தி, அவன் கையைப் பிடித்தாள்.

"மெதுவாப் பேசுடா" என்றாள். "எனக்குத் தெரியும். அவருக்குத்தான் தெரியாது."

ஃபர்கர் பாதி சாத்திய கதவைப் பார்த்தான்.

"நானும் சொல்லிடலாம் சொல்லிடலாம்னு பாக்கறேன். வாய் வர மாட்டேங்குது." அவள் கண் நிறைந்திருந்தது. "நீ வந்ததும் நல்லதாப் போச்சு. நீயே உள்ள போய் அவர்கிட்ட சொல்லிடு, ஃபர்கர்."

உள்ளே, யாரோ நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்திருக்கிற சத்தம் கேட்டது.