உப்புத் தண்ணீரில் நுரைக்கும் சோப்பு

உப்புத் தண்ணீரில் நுரைக்காத சோப்பை நான் சோப்பு என்றே சொல்ல மாட்டேன், மேடம். உங்கள் வீட்டில் யாராவது ஷேவிங் சோப்பு வாங்குவதாக இருந்தால் முதலில் இதைச் சொல்லிவையுங்கள். கோவளம் பக்கத்து போர்வெல் தண்ணீரில் பல சோப்புகள் திரிந்த பால் மாதிரி திப்பி திப்பியாகப் பிரிந்துவிடும். கேனை அழுத்தினால் வருகிற நுரை பார்க்கப் பொங்கும், பாதி காற்று. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். நான் கடைகடையாக ஏறி, ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது ஒரு வட்டக் கட்டி சோப்பு. கிண்ணத்தில் போட்டு ஈர பிரஷ்ஷால் சுற்றினால் எந்தத் தண்ணீரிலும் கெட்டியாக நுரை நிற்கும். விலை குறைவு, மாதக்கணக்கில் உழைக்கும். எதை வாங்கினாலும் இந்த இரண்டையும்தான் பார்ப்பேன்.

ஆல்வினைப் பற்றிக் கேட்டால் சோப்பைப் பற்றிச் சொல்கிறானே என்று உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். சோப்பு இல்லாமல் ஆல்வின் கதை இல்லை.

ஆராய்ச்சி நிலையத்தில் பாதுகாப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். கூடுவாஞ்சேரி வீட்டில் சும்மா உட்கார முடியாமல் இந்த மீன் பதனிடும் கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரியாகச் சேர்ந்தேன். அங்கே குளிரூட்டுவது அமோனியா வாயு. கசிந்தால் முகமூடி போட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். அந்த முகமூடியின் ரப்பர் விளிம்பு கன்னத்தோடு ஒட்டினால்தான் உயிர் தங்கும். நடுவில் தாடி இருந்தால் வாயு அதன் வழியாக உள்ளே போய்விடும். நான் போவதற்கு முன் அங்கே ஒருவனும் இதைக் கவனித்ததில்லை.

அதனால் தினமும் காலையில் கேட்டில் நிற்பேன். ஒவ்வொருவர் கன்னத்தையும் புறங்கையால் தடவிப் பார்ப்பேன். சொரசொரத்தால் கழிவறைப் பக்கம் திருப்பி அனுப்புவேன். அங்கே என் செலவில் வாங்கிய கிண்ணம், பிரஷ், சோப்பு, ஆளுக்கொரு பிளேடு எல்லாம் இருக்கும். வேறு எந்த அதிகாரி இப்படிச் செய்வார், சொல்லுங்கள்.

ஆல்வின் கம்ப்ரசர் ஆபரேட்டர். கேளம்பாக்கம் பக்கத்துப் பையன். அப்பா அம்மா ஊரார் வயலில் கூலிக்கு நட்டு அறுத்தவர்கள், இவன் ஐடிஐ படித்து வந்தவன். வேலையில் குறை சொல்ல முடியாது. தோல்தான் மென்மை. ஷேவ் செய்தால் சிவந்து பொரிந்துவிடும். "எரியுது சார்" என்பான். நுரையை நன்றாக ஊற விடு, எரியாது என்று நானே பிரஷ்ஷைப் பிடித்துக் காட்டியிருக்கிறேன்.

ஒரு நாள் கேட்டில் அவன் கன்னத்தில் கை வைத்தபோது சொன்னான். "இன்னா சார், தெனம் தெனம் எங்க மூஞ்சயே தடவிகினு கீறீங்க. வூட்ல அம்மா மூஞ்ச ஒரு தபா இப்டி தடவுனா அவங்களாச்சும் சந்தோசப்படுவாங்க."

வரிசை மொத்தமும் சிரித்தது. மீன் வெட்டுகிற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வாட்ச்மேன் ஏசுதாஸ் நாற்காலியில் இருந்து எழுந்து நின்று சிரித்தார்.

என் மனைவி ராஜம் இறந்து அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. அவனுக்கு அது தெரியாது. தெரியாது என்பது எனக்கும் தெரியும். அதனால் அவன் மேல் எனக்குக் கோபமே இல்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

மறுநாளில் இருந்து நான் அவன் கன்னத்தைத் தொடவில்லை. மற்றவர்களைத் தடவினேன், அவனை "போப்பா" என்று விட்டுவிட்டேன். தாடி வளர்ந்தது. தான் ஜெயித்துவிட்டதாக நினைத்தான் போல. பிறகு யாரோ ராஜத்தைப் பற்றி அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் மேஜைக்கு வந்து நின்றான்.

"சார், அம்மா தவறிட்டாங்கன்னு சத்தியமா தெரியாது சார். மனசுல வெச்சிக்காதீங்க. நாளைலேந்து ஷேவ் பண்ணிகினு வந்துடறேன்."

கண் கலங்கியிருந்தது. நல்ல பையன்தான். நான் அவன் தோளைத் தட்டினேன்.

"வேண்டாம்ப்பா. உனக்குத்தான் தோல் ஒத்துக்கொள்ளவில்லையே. அதோடு தாடி உனக்கு எடுப்பாக இருக்கிறது" என்றேன்.

அவன் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனான்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்கிறீர்கள். மேடம், சொல்லித் திருந்துகிற கூட்டம் இல்லை அது. அடியாத மாடு படியாது. விதி எதற்காக என்பதை ஒருவனாவது பட்டுக் காட்டினால்தான் மற்றவர்கள் நம்புவார்கள். ஒருவன் போதும். விலை குறைவு, நீண்ட நாள் உழைக்கும்.

கசிவு தானாக வரும் என்று சில வாரம் காத்திருந்தேன். வரவில்லை, ஏனென்றால் என் பராமரிப்பு அப்படி. அதனால் எல்லோரும் சாப்பிடப் போன ஒரு மதியம் நானே கம்ப்ரசர் அறைக்குப் போனேன். வால்வின் கழுத்து நட்டை ஸ்பானரால் தளர்த்தினேன். பயமுறுத்த மட்டும்தான் என்று சொல்லச் சொல்கிறார் வக்கீல். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. எவ்வளவு தளர்த்தினால் எவ்வளவு வரும் என்று எனக்குத் தெரியும்.

சைரன் அடித்ததும் சரவணகுமார்தான் முதலில் ஓடி வந்து முகமூடியை எடுத்தான். அவனும் ஆபரேட்டர்தான். அன்று காலை நான் தடவிப் பார்த்த கன்னம், கண்ணாடி மாதிரி இருந்தது. "நான் போறேன் சார்" என்றான்.

"நீ இரு. ஆல்வின் போகட்டும்" என்றேன்.

ஆல்வின் சரவணகுமாரிடமிருந்து முகமூடியை வாங்கிப் போட்டுக்கொண்டான். முகமூடியின் வாரை நானே பின்னால் இறுக்கிவிட்டேன். உள்ளே போனான். நட்டை முழுக்க இறுக்கிவிட்டுத்தான் விழுந்திருக்கிறான். வேலையில் குறை சொல்ல முடியாது என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா.

இன்றைக்கு அந்தக் கம்பெனிக்குப் போய்ப் பாருங்கள். ஒரு தாடி இருக்காது. யாரையும் கழிவறைக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம். அத்தனை பேர் உயிருக்கு ஒரு உயிர். தூக்கில் போடுங்கள், ஆனால் கணக்குத் தப்பு என்று மட்டும் சொல்லாதீர்கள். வருத்தப்படுகிறேன் என்று எழுதினால் கையெழுத்துப் போட மாட்டேன்.

கடைசியாக, பிணத்துக்கு ஏன் ஷேவ் செய்தேன் என்று கேட்டீர்கள். ஆதாரத்தை அழிக்கத்தான் என்று நினைக்கிறீர்கள். செங்கல்பட்டில் பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் தாடியை முன்பே பார்த்துவிட்டார். அதற்கு மேல் அழிக்க என்ன இருக்கிறது? அவன் மனைவி ஜாக்குலின் கேட்டாள், அதனால் செய்தேன். வாசலில் ஷாமியானாவுக்குக் கீழே சவப்பெட்டி. கம்பெனி ஆட்கள் அத்தனை பேரும் சுற்றி நின்றார்கள். அவள் வந்து என் முன்னால் கைகூப்பினாள்.

"சார், உங்கள மாரி யாராலயும் நொர போட முடியாதுன்னு சொல்லிகினே இருப்பாரு. கல்யாணத்தன்னிக்கு இருந்த மூஞ்சோட போவட்டும் சார். நீங்களே பண்ணி வுடுங்க."

பையில் கிண்ணமும் பிரஷ்ஷும் இருந்தன. அவர்கள் வீட்டுத் தண்ணீரும் உப்புதான். ஆனாலும் நுரை கெட்டியாக நின்றது. நன்றாக ஊற விட்டேன். மேலிருந்து கீழாக, அவசரப்படாமல் எடுத்தேன். ஒரு கீறல் விழவில்லை, ஒரு சிவப்பு இல்லை. ஈரத்துணியால் துடைத்துவிட்டு, எப்போதும் போல அவன் கன்னத்தைப் புறங்கையால் தடவிப் பார்த்தேன்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.